மூன்றாவது எட்டு மணி நேரம்!

எட்டு மணி நேரம் உழைப்பு! எட்டு மணி நேரம் உறக்கம்! எட்டு மணி நேரம் நம் விருப்பம்! - உலகத் தொழிலாளர் உரக்கக் கேட்ட உரிமை இது. கேட்டதற்காக 1886-ஆம் ஆண்டு சிகாகோ நகர வீதியிலே குருதி கொட்டினர், தூக்குமேடை ஏறினர். மே முதல் நாளைக் கொண்டாடுகிறோமே, அதன் மூலக்கதை அதுதான்.

முதல் எட்டு மணிக்குச் சட்டம் வந்தது. இரண்டாவது எட்டு மணிக்கு ஓட்டு வீடோ, ஒண்டுக் குடித்தனமோ, ஒரு மூலை கிடைக்கிறது. மூன்றாவது எட்டு மணி? அது கடிகாரத்திலே இருக்கிறது. கழிப்பதற்கு இடம்தான் இல்லை!

சீமானுக்கு இந்தக் கவலை இல்லை. மாளிகையைச் சுற்றி மலர்த்தோட்டம். மாலையானால் மன்றம். விடுமுறையென்றால் மலைவாசம். பாட்டாளிக்கு? பத்துக்குப் பத்து அறை. அதிலே அடுப்பு, அதிலே படுக்கை, அதிலேயே பிள்ளைகளின் பாடப்புத்தகம். வெளியே வந்தால் வாகனம் சீறும் தெரு. பூங்காவின் கதவு பூட்டியிருக்கும் நேரத்தில் மதுக்கடையின் கதவு திறந்திருந்தால், களைத்துப்போன கால்கள் எந்தப் பக்கம் திரும்பும்? அந்தக் கால்களைக் குறைகூற நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆகவே சொல்கிறோம்: பூங்கா ஆடம்பரம் அல்ல. அது மூன்றாவது எட்டு மணி நேரத்தின் முகவரி!

இது நம்முடைய கண்டுபிடிப்பல்ல. ஆலைப்புகை சூழ்ந்த இங்கிலாந்திலே, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட் என்ற ஊர். 1847-ஆம் ஆண்டு அங்கே, ஊரார் பொதுப்பணத்திலே ஒரு பூங்கா திறந்தார்கள். நுழைவதற்குக் கட்டணமில்லை, பிறப்புச் சான்று கேட்பாரில்லை. 1850-இல் அதைப் பார்க்க வந்தார் ஓர் அமெரிக்கர் - ஓம்ஸ்டெட் என்பது பெயர். ஏழையும் செல்வனும் ஒரே புல்தரையிலே நடப்பதைக் கண்டு வியந்தார். சில ஆண்டுகளுக்குள் நியூயார்க் நகரின் நடுப்பூங்காவை வடிவமைத்தவர்களுள் ஒருவரானார்.

நடுப்பூங்காவின் புகழைப் பாடுவோர் ஒன்றை மறைப்பர். நாம் மறைக்க மாட்டோம். அந்த நிலத்திலே செனகா கிராமம் என்றொரு குடியிருப்பு இருந்தது. அங்கு வாழ்ந்த இருநூறுக்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர் கறுப்பு மக்கள். சொந்த நிலமும் சொந்த மாதாகோயிலும் வைத்திருந்தவர்கள். 1857-க்குள் அத்தனை பேரையும் அகற்றிவிட்டுத்தான் மரம் நட்டார்கள்! பூங்கா வேண்டும் என்போம். குடிசையைப் பிடுங்கிப் பூச்செடி நடுவதை ஒப்பமாட்டோம். ஏழைக்காக என்று சொல்லி ஏழையை விரட்டுவது என்ன நியாயம்?

இனி நம் சென்னைக்கு வருவோம்.

1859-ஆம் ஆண்டு, கவர்னர் டிரெவெல்யன் காலத்திலே, 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற மக்கள் பூங்கா எழுந்தது. நூறு ஏக்கருக்கு மேல் பரப்பு! குளங்கள் உண்டு, சுற்றிவரச் சாலைகள் உண்டு, மிருகக்காட்சிசாலையும் இருந்தது. இன்று அது எங்கே? சென்ட்ரல் நிலையத்தின் பக்கம் போய்த் தேடிப்பாருங்கள்! 'பார்க் டவுன்' என்ற பெயர் இருக்கிறது, பார்க்கைக் காணோம்!

கொள்ளைக்காரன் கொண்டுபோகவில்லை, தோழர்களே! நல்ல காரியம் என்றுதான் நறுக்கினார்கள். ஒரு துண்டிலே விக்டோரியா மண்டபம். ஒரு துண்டிலே 1900-இல் மூர் மார்க்கெட். இன்னொரு துண்டிலே 1913-இல் ரிப்பன் மாளிகை. பிறகு விளையாட்டரங்கம். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்திலே ரயில் நிலையம் எழுந்தது. அதே ஆண்டில் மிருகங்களும் வண்டலூருக்குக் குடிபோயின. மண்டபம் வேண்டாமா? வேண்டும். அங்காடி வேண்டாமா? வேண்டும். ரயில் வேண்டாமா? மிகமிக வேண்டும். ஆனால் ஒவ்வொரு வேண்டுதலுக்கும் பூங்காவின் கழுத்திலேதானா கத்தி? காலி இடம் என்று கணக்கெழுதும் பேனாவுக்கு, அது காலி இடமல்ல, காற்றுவாங்கும் இடம் என்பது தெரிவதேயில்லை!

முறையாகச் செய்தவர்களும் இருந்தார்கள். 1920-இல் சென்னை மாகாணத்திற்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன்பின், நீதிக்கட்சி ஆட்சியிலே, மாம்பலத்து ஏரிப்பகுதியில் தியாகராய நகர் உருவாயிற்று. வீடு கட்டிவிட்டு மிச்சமிருந்தால் பூங்கா என்று நினைக்கவில்லை. நடுவிலே பூங்காவுக்கு இடம் வைத்து, அதைச் சுற்றித் தெருக்களை வகுத்தார்கள். அதுதான் பனகல் பூங்கா. அருகிலேயே டாக்டர் நடேசனார் பெயரால் இன்னொன்று. ஏரியைத் தூர்த்து நகர் அமைத்ததன் விலையை மழைக்காலம்தோறும் செலுத்துகிறோம், அதை மறுக்கவில்லை. எனினும் முதலில் பூங்கா, பிறகு மனை என்ற முறை பொன்னான முறை. அந்தப் பனகல் பூங்காவின் ஒரு பகுதியும் அண்மை ஆண்டுகளில் மெட்ரோ ரயில் பணிக்குப் போயிற்று. பணி முடிந்ததும் எடுத்த இடத்தை மரத்தோடும் நிழலோடும் திருப்பித் தந்தார்களா என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

பூங்கா என்றால் மரமும் பெஞ்சும் மட்டுமா? 1930 முதல் 1938 வரை சென்னை மாநகராட்சியே வானொலி நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மாலைதோறும் இசையைக் கேட்கச் செய்தது. வானொலிப் பெட்டி வாங்கப் பணமில்லாத மூட்டை தூக்கியும் வண்டியோட்டியும் புல்தரையில் அமர்ந்து பாட்டுக் கேட்டார்கள். சபாவிலே சீட்டு வாங்கியவனுக்கே இசை என்றிருந்த காலத்தில் இது சின்னச் செயலா?

இப்போது நகரம் வளர்ந்துவிட்டது. 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராயிற்று. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. பூங்காக்கள் எழுநூறுக்கு மேல் என்கிறது கணக்கு. மகிழ்ச்சி! ஆனால் எண்ணிக்கையைக் காட்டி ஏமாற்ற வேண்டாம். எந்தப் பகுதியிலே எத்தனை? அடையாற்றின் அழகுக்கு அளித்த கவனம் வியாசர்பாடிக்கும் கிடைத்ததா? திருவொற்றியூர்ச் சிறுவன் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தால் ஊஞ்சலைக் காண்பான்? இதுதான் கேள்வி.

சட்டம் ஒன்று இருக்கிறது. தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனைப்பிரிவோ பெருங்கட்டடமோ அமைப்பவர், நூற்றுக்குப் பத்துப் பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, பொதுமக்களுக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். மூவாயிரத்திலிருந்து பத்தாயிரம் சதுர மீட்டர் வரை என்றால் நிலத்தையும் தரலாம். நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்புப்படி பணமும் கட்டலாம். ஓட்டை எங்கே என்று புரிகிறதா? பணம் கருவூலத்துக்குப் போகும். பந்து ஆட இடம் எங்கே கிடைக்கும்? ரூபாய் நோட்டிலே வேர் விடுமா வேப்பமரம்? நிலமாகக் கொடுத்ததையும், சில இடங்களில் சொந்தத் தோட்டம்போல மதில் கட்டி மறித்து, அடுத்த தெருப் பிள்ளை வந்தால் அதட்டி விரட்டும் அவலமும் உண்டு. தானப்பத்திரம் எழுதிய மறுகணமே அது நம் நிலம். நம் எல்லாருடைய நிலம்!

விலை வைக்கும் வேலையும் நடந்து பார்த்தது. 2024 அக்டோபரில், செயற்கைப் புல் பதித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடலாம், ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் பெறலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் வந்தது. வெறுங்காலோடு ஓடி விளையாடும் வடசென்னைச் சிறுவன் மணிக்கு 120 ரூபாய்க்கு எங்கே போவான்? எதிர்ப்பு எழுந்தது, தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதைப் பாராட்டுகிறோம். ஆனால் பாடத்தை மறக்கமாட்டோம்: கேட்க ஆளிருந்ததால் கதவு திறந்தது!

நீதிமன்றமும் நம் பக்கம் பேசியிருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தந்தார்கள். மக்கள் வழக்குப் போட்டனர். செல்லாது என்று 1991-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனையைவிடப் பூங்கா முக்கியமா என்று கேட்கலாம். மூச்சுவிட இடமிருந்தால் மருத்துவமனைக் கூட்டம் குறையும் என்பதே நம் பதில்.

நிர்வாகம் என்பது பெரிய மந்திரமல்ல. ஆலை விட்டுவரும் நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். குடிநீர் வேண்டும். கழிப்பிடம், குறிப்பாகப் பெண்களுக்குக் கழிப்பிடம், இருக்க வேண்டும். அது இல்லாத பூங்கா பாதி மக்களுக்குப் பூட்டிய பூங்கா. சிலம்பம், சடுகுடு, கேரம், படிப்பகம், வாரம் ஒரு கலைநிகழ்ச்சி - அட்டவணை எழுதிக் கதவிலே ஒட்ட வேண்டும். செடிக்கு நீர் ஊற்றுபவருக்கு நிறைகூலி வேண்டும். ஒப்பந்தக்காரர் கணக்கிலே பத்துத் தோட்டக்காரர், பூங்காவிலே இரண்டு பேர் என்றிருந்தால் செடியும் வாடும். செடியை வளர்ப்பவர் வயிறும் வாடும்.

"கட்சிக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பார் சிலர். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையிலே கொண்டாடினார். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் ராயபுரம் ராபின்சன் பூங்காவிலே, கொட்டும் மழையிலே நடந்தது. மாளிகை மண்டபம் நமக்கு வாடகைக்குக்கூடக் கிடைக்காத காலத்தில், திறந்தவெளிதான் திறந்த மனத்தோடு வரவேற்றது. மக்கள் கூட இடமில்லாத ஊரிலே மக்களாட்சி எங்கே கூடும்?

2022-இலிருந்து வார்டுக் குழுவும் பகுதி சபையும் வந்திருக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். நம் வார்டில் தானமாக வந்த திறந்தவெளி எத்தனை, எங்கெங்கே? பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது? பராமரிப்புக்கு எவ்வளவு பணம், எத்தனை ஆள்? விடை வரும்வரை விடாதீர்கள்! வந்த விடையைக் கிளை மன்றத்துக் கரும்பலகையிலே எழுதிவையுங்கள்!

முதல் எட்டு மணி நேரத்தைப் போராடிப் பெற்றோம். மூன்றாவது எட்டு மணி நேரத்தை யாரும் வீடு தேடிக் கொண்டுவந்து தரப்போவதில்லை. பூங்காவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதிலே தொடங்குவோம்!