ஆகாயத்தில் ஒரு வார்டு

ராமநாதபுரம் மாவட்டத்துப் புதுமடத்துக்காரர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் பழகிப்போன ஒன்று. பக்கத்து உச்சிப்புளியில்தான் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். பருந்து’ விமானத்தளம் இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு அக்கரையில், ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் இலங்கையின் பலாலி. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் சண்டையில் இறங்கியபோது, காயம்பட்ட ஜவான்களை அந்தப் பலாலித் தளத்திலிருந்துதான் விமானம் ஏற்றினார்கள். 1990 மார்ச்சில் படை திரும்புவதற்குள் சுமார் 1,200 பேர் இறந்திருந்தார்கள். அந்தக் கணக்கைப் பலரும் எழுதிவிட்டார்கள். உயிரோடு கொண்டுவந்து சேர்த்த வேலையைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை.

அடிபட்டவரை விமானத்தில் ஏற்றிவிட்டால் பாதி கண்டம் தாண்டியாயிற்று என்று நினைக்கிறோம். உண்மையில், ஏற்றிய பிறகு அவர் உடம்பு வேறு விதிகளுக்கு உட்படுகிறது. அந்த விதிகளைத் தெரிந்து பக்கத்தில் நிற்பவர்தான் விமானச் செவிலியர்.

முதல் சிக்கல் காற்றழுத்தம். உயரே பறக்கும் விமானத்துக்குள் அழுத்தத்தைக் கூட்டி வைத்தாலும், அது 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குத்தான் இருக்கும். கொடைக்கானல் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உடம்புக்குள் அடைபட்ட காற்றும் அப்படித்தான். 8,000 அடியில் அதன் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். நல்ல உடம்புக்கு அது ஓர் ஏப்பத்தோடு போய்விடும். நெஞ்சில் குண்டு பாய்ந்தவருக்கோ, நுரையீரலுக்கும் விலாவுக்கும் இடையில் கசிந்த கொஞ்சம் காற்று விரிந்து நுரையீரலை அமுக்கும். மேலும் விரிந்தால் இதயத்தையே தள்ளும். அதனால் விமானம் கிளம்பும் முன்பே நெஞ்சில் குழாய் செருகிக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். மண்டை ஓட்டுக்குள் காற்று புகுந்தவர், கண்ணில் அடிபட்டவர், குடலில் புதிதாகத் தையல் போட்டவர் எல்லோருக்கும் இதே ஆபத்து உண்டு.

மூச்சுக்குழாயில் செருகும் டியூபைப் பாருங்கள். அது நழுவாமல் இருக்க, நுனிக்குச் சற்று மேலே சின்ன பலூன் ஒன்று இருக்கும். தரையில் அளவாகக் காற்றடித்த அந்த பலூன் மேலே போனதும் பெருத்து, மூச்சுக்குழாயின் சுவரில் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். இறங்கும்போது மறுபடி சுருங்கி, பக்கவாட்டில் காற்று கசியும். ஏறும்போதும் இறங்கும்போதும் செவிலியர் அதன் அழுத்தத்தை அளந்து சரிசெய்துகொண்டே இருப்பார். அல்லது காற்றுக்குப் பதில் உப்புநீரை நிரப்பிவிடுவார். நீர் விரியாது.

அடுத்தது ஆக்சிஜன். அந்த உயரத்தில் ஆரோக்கியமானவரின் ரத்தத்திலேயே ஆக்சிஜன் அளவு 98 சதவீதத்திலிருந்து 90-ஐ ஒட்டி இறங்கக்கூடும். ரத்தம் நிறைய இழந்தவர் அதைத் தாங்கமாட்டார். தேவைப்பட்டால் விமானியிடம் சொல்லித் தாழப் பறக்க வைக்கலாம். எரிபொருள் அதிகம் செலவாகும், குலுக்கலும் கூடும். ஆனாலும் சிலருக்கு அதுதான் மருந்து.

ஹெலிகாப்டர் தாழப் பறப்பதால் அழுத்தத் தொல்லை குறைவு. அங்கே எதிரி இரைச்சல். ஸ்டெதாஸ்கோப் பயன்படாது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதடு நீலம் பாய்கிறதா, விரலடியில் நாடி தட்டுப்படுகிறதா என்று கண்ணாலும் கையாலும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போர்க்காலத்தில் விளக்கையும் மங்கலாக்கிவிட்டால், கட்டுக்கு அடியில் கையை நுழைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதே ஒரே வழி. குளிரையும் மறக்கக் கூடாது. 1,000 அடிக்குச் சுமார் 2 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது தாமதமாகும்.

இதையெல்லாம் உலகம் கற்கத் தொடங்கிய இடங்களுள் ஒன்று நம் துணைக்கண்டத்தில்தான் இருக்கிறது. 1943 ஜனவரி 17 அன்று, அன்றைய இந்தியாவின் கராச்சியிலிருந்து எல்ஸி ஆட் என்ற அமெரிக்க ராணுவச் செவிலியர் 5 நோயாளிகளோடு வாஷிங்டனுக்குக் கிளம்பினார். அதற்கு முன் அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. முன்னறிவிப்பு 24 மணி நேரம்தான். நோயாளிகளில் இருவருக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லை, ஒருவருக்குக் காசநோய். கப்பலில் 3 மாதம் ஆகியிருக்கக்கூடிய பயணம் ஆறரை நாளில் முடிந்தது. போய்ச் சேர்ந்ததும், அடுத்து வருபவர்களுக்காக அவர் ஒரு பட்டியல் கொடுத்தார்: ஆக்சிஜன், கூடுதல் கட்டுத்துணி, போர்வை, காபி வேண்டும்; பாவாடைச் சீருடை இந்த வேலைக்கு உதவாது. ‘ஏர் மெடல்’ பதக்கம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சுமார் 500 அமெரிக்க விமானச் செவிலியர்கள் பணியாற்றினார்கள். 17 பேர் உயிரிழந்தார்கள். விமானத்தில் கொண்டுசெல்லப்பட்ட 11 லட்சத்து 76 ஆயிரம் பேரில் வழியில் இறந்தவர்கள் வெறும் 46 பேர். இதை விமானத்தின் வேகத்துக்குக் கிடைத்த வெற்றி என்று மட்டும் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். யாரை ஏற்றலாம், யாரை ஒரு நாள் பொறுத்து ஏற்றலாம் என்று தரையிலேயே தீர்மானித்ததும், பெரும்பாலும் மருத்துவர் கூட இல்லாத விமானத்தில் செவிலியர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டதும் சேர்ந்துதான் அந்த 46.

நம் ராணுவச் செவிலியர் பணி 1888-இல் பம்பாயில் வந்திறங்கிய 10 பேரோடு தொடங்கியது. இன்று புனே, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களிலுள்ள ராணுவ நர்சிங் கல்லூரிகளில் பெண்கள் 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படித்து, லெப்டினன்டாகப் பணியில் சேர்கிறார்கள். 2022 முதல் இந்தச் சேர்க்கைக்கு நீட் மதிப்பெண் தேவை. எம்.பி.பி.எஸ். இடத்துக்குப் போதவில்லை என்று அந்த மதிப்பெண் பட்டியலை மடித்து வைத்துவிடும் ராமநாதபுரம் மாவட்ட மாணவிகள், இந்த வழியையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.