அச்சத்துக்கு இன்னொரு பெயர்

குற்றாலம் பேரருவியின் கீழ் முதன்முறையாக நிற்கும் சிறுவனுக்கும், ஆண்டுதோறும் வருபவருக்கும் நெஞ்சு ஒன்றுபோலவே படபடக்கிறது. முன்னவர் அதை அச்சம் என்கிறார். பின்னவர் ஆனந்தம் என்கிறார்.

பெயரில் என்ன இருக்கிறது? ஹார்வர்டு பேராசிரியர் ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர்முன் பாடுவதற்கு முன் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள், 'பதற்றமாக இருக்கிறேன்' என்றவர்களைவிட நன்றாகப் பாடினர். படபடப்பு குறையவில்லை, அதன் பெயர்தான் மாறியது.

தேர்வறைக்குச் செல்லும் தென்காசி மாணவர்களிடம் 'பயப்படாதே' என்கிறோம். துடிக்கும் நெஞ்சு அதற்கு அடங்குவதில்லை. 'தேர்வுக்கு உடல் ஆயத்தமாகிறது' எனத் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளப் பழக்குவதே மேல்.

ஆனால், எல்லா அச்சத்துக்கும் பெயர் மாற்றலாகாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அத்தகைய இடத்தில் அச்சத்தை அச்சம் என்றே அழைத்து விலகி நிற்க வேண்டும்.