கம்பியில்லாப் புறக்கருவிகளின் இணைப்புக் குறைபாடு

கம்பியில்லாப் புறக்கருவிகளின் இணைப்புக் குறைபாடு என்பது, வீட்டுக் கணினியுடன் வானொலி அலைகள் மூலம் இணைக்கப்படும் சுட்டி, விசைப்பலகை, ஹெட்போன் முதலிய கருவிகளின் தொடர்பு வலுவிழப்பதை அல்லது இடையிடையே அறுபடுவதைக் குறிக்கும். சுட்டுக்குறி தாவித் தாவி நகர்தல், தட்டிய எழுத்து விடுபடுதல் அல்லது பலமுறை பதிவாதல், ஒலி விட்டுவிட்டுக் கேட்டல் ஆகியன இதன் அறிகுறிகளாகும். கருவி பழுதடைந்துவிட்டது எனக் கருதிப் பலர் புதியது வாங்குகின்றனர். ஆயினும் பல வேளைகளில் குறை கருவியில் இருப்பதில்லை. அதன் ஏற்பி செருகப்பட்டுள்ள இடத்திலோ சுற்றுப்புறத்திலோ இருக்கும்.

பயன்படும் அலைவெண்கள்

தொடக்கக் காலக் கம்பியில்லா விசைப்பலகைகளும் சுட்டிகளும் பல 27 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கின. அவற்றின் எட்டும் தொலைவு ஓரிரு மீட்டர் மட்டுமே. தற்போதையவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குகின்றன. இவை இரு வகைப்படும்.

* யு.எஸ்.பி துளையில் செருகும் சிறிய ஏற்பியுடன் வருபவை.
* கணினியில் உள்ள புளூடூத் வசதியுடன் இணைபவை.

இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் குறைந்த திறன் கொண்ட கருவிகளை உரிமம் பெறாமல் இயக்க, 2005 ஆம் ஆண்டு சனவரியில் வெளியான விதிகள் வழிசெய்தன. பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறரால் வரும் இடையூற்றுக்கு எதிராகப் பாதுகாப்புக் கோரவும் இயலாது, பட்டையை அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பன இவ்விதிகளின் அடிப்படையாகும். ஆகவே அண்டை வீட்டு வை-ஃபையால் ஒருவரது சுட்டி தடுமாறினால் முறையிட வழியில்லை. தீர்வை அவரவர் வீட்டுக்குள்ளேயே தேட வேண்டும்.

காரணங்கள்

உலோகத் தடை: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ. ஆகும். உலோகம் இவ்வலையைத் திருப்பி அனுப்பும். மேசைக் கணினியின் பின்புறத் துளையில் ஏற்பியைச் செருகினால், கணினியின் இரும்புப் பெட்டியே அதற்கும் சுட்டிக்கும் இடையில் சுவராக நிற்கும்.

யு.எஸ்.பி 3.0 இரைச்சல்: யு.எஸ்.பி 3.0 இணைப்பில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் செல்கிறது. இதனால் எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் பரவுவதை இன்டெல் நிறுவனம் 2012 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை விளக்கியது. வெளி வன்தட்டு இயங்கும்போது மட்டும் சுட்டி தடுமாறுவதற்கு இது முதன்மைக் காரணமாகும்.

வை-ஃபை நெரிசல்: 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையின் ஒரு தடம் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. ஒன்றின் மேல் ஒன்று படியாத தடங்களாக 1, 6, 11 ஆகிய மூன்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. புளூடூத் இப்பட்டையை 79 சிறு தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை தடம் மாறுகிறது. நெரிசலான தடங்களைத் தவிர்க்கும் முறை 2003 இல் வெளியான புளூடூத் 1.2 பதிப்பில் சேர்க்கப்பட்டது. எனினும் பட்டை முழுவதும் நிறைந்துவிட்டால் தவிர்ப்பதற்கு இடமிராது. நுண்ணலை அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணிலேயே இயங்குகிறது.

மின்கலம்: மின்கலம் தளர்ந்தால் அனுப்பும் அலையும் வலுவிழக்கும். மறுமின்னேற்றக் கலம் 1.2 வோல்ட் மட்டுமே தருவதால், 1.5 வோல்ட் கலத்துக்கென அமைந்த அளவுகாட்டி அதைத் தவறாகக் காட்டக்கூடும்.

வறண்ட நிலப் பகுதிகளில்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட வட்டாரங்களில் சில கூடுதல் கூறுகளையும் கருத வேண்டும். குடிநீரைத் தேக்கிவைக்கும் வீடுகளில் நீர் நிறைந்த டிரம்மும் குடங்களும் அறைக்குள்ளேயே இருக்கும். நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும் தன்மையுடையது. தகரக் கூரையும் இரும்பு பீரோவும் அலையைத் திருப்பி அனுப்புவதால், அறையின் சில புள்ளிகளில் மட்டும் இணைப்பு வலுவிழக்கும்.

காற்றில் ஈரப்பதம் குறையும்போது உடலிலும் துணியிலும் நிலைமின்னூட்டம் எளிதில் சேரும். கணினியைத் தொடுகையில் நிகழும் மின்னிறக்கத்தால் ஏற்பி செயலற்று நிற்கலாம். கழற்றி மீண்டும் செருகினால் பெரும்பாலும் சீராகும். காய்ந்த மண்ணில் மின்தடை மிகுதியாதலால் புவித்தொடுப்பு பயனற்றுப் போகக்கூடும். கணினிப் பெட்டியைத் தொட்டால் சுரீரென்று உணர்ந்தால், மின்பணியாளரைக் கொண்டு புவித்தொடுப்பைச் சோதிக்க வேண்டும். இது இணைப்பைவிட உயிர்ப் பாதுகாப்பைச் சார்ந்தது.

விசைத்தறி ஓடும் வீடுகளில் தறியின் மின்னோடியே காரணம் எனக் கருதப்படுவதுண்டு. விசைத்தறிகளில் பொதுவாகப் பயன்படும் தூண்டல் மின்னோடியில் தூரிகை இல்லை. ஆதலால் தொடர்ந்து பொறி எழுவதில்லை. 27 மெகாஹெர்ட்ஸ் கருவிகளுக்குப் பொருந்திய இவ்வையம் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

சரிசெய்யும் முறை

செலவற்ற வழியில் தொடங்கி, ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். பலவற்றை ஒன்றாக மாற்றினால் எது பயன்தந்தது என அறிய இயலாது.

1. மின்கலத்தை மாற்றி, கலம் தொடும் உலோக முனைகளில் படிந்துள்ள தூசியைத் துடைத்தல்.
2. ஏற்பியைக் கணினியின் முன்புறத் துளைக்கு மாற்றுதல். நீல நிறத்தால் பெரும்பாலும் அடையாளம் காணப்படும் யு.எஸ்.பி 3.0 துளையைத் தவிர்த்தல்.
3. குறை நீங்காவிடில், யு.எஸ்.பி நீட்டிப்பு வடம் ஒன்றால் ஏற்பியை மேசைமேல், சுட்டிக்கு அரை மீட்டர் தொலைவுக்குள் வைத்தல். உலோகத் தடை, யு.எஸ்.பி 3.0 இரைச்சல் ஆகிய இரண்டையும் இது ஒருங்கே குறைக்கும்.
4. வெளி வன்தட்டைக் கழற்றியும் வை-ஃபை வழிச்செயலியைச் சற்று நேரம் அணைத்தும் பார்த்தல். சுட்டி சீரானால் காரணம் வெளிப்படும். பின்னர் வழிச்செயலியைத் தள்ளிவைக்கலாம், அல்லது கணினியையும் கைப்பேசியையும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றலாம்.
5. சிறிது நேரம் ஓய்ந்திருந்த பின்னரே குறை தோன்றினால், இயக்குதளத்தின் ஆற்றல் சேமிப்பு அமைப்பில் யு.எஸ்.பி துளையை அணைக்கும் தெரிவை நீக்குதல்.
6. புளூடூத் கருவியாயின், இணைப்பை அழித்து மீண்டும் இணைத்தல். புளூடூத் இயக்கி மென்பொருளை இற்றைப்படுத்தல்.

கருவியை மாற்றும் நிலை

மேற்கூறியவற்றுக்குப் பின்னும் குறை நீடித்தால், கருவியை வேறொரு கணினியில், இயலுமாயின் வேறொரு வீட்டில், சோதிக்க வேண்டும். அங்கு நன்கு இயங்கினால் குறை முதல் கணினியிலோ அதன் இடத்திலோ உள்ளது. அங்கும் தடுமாறினால் மட்டுமே கருவியோ ஏற்பியோ பழுதடைந்தது எனக் கொள்ளலாம். ஏற்பி தொலைந்தால் வேறு ஏற்பி எல்லாக் கருவிகளுக்கும் பொருந்துவதில்லை.

தேர்வு விண்ணப்பம், வங்கிப் பரிமாற்றம் போன்ற பணிகளில் ஓர் இலக்கம் விடுபட்டாலோ இருமுறை பதிவானாலோ இழப்பு நேரலாம். இணைப்பு சீராகும் வரை இத்தகைய பணிகளுக்குக் கம்பியுள்ள விசைப்பலகையையோ இயக்குதளத்தில் உள்ள திரை விசைப்பலகையையோ பயன்படுத்துவது பாதுகாப்பானது.