குத்தகைக்கு அடங்காத சிப்பி

பாண்டியர் காலத்தில் மதுரைக்கு முத்து வந்தது மன்னார் வளைகுடாவின் அடியிலிருந்து. அங்கே ‘பார்’ எனப்படும் பாறைத்திட்டுகளில்தான் முத்துச்சிப்பி ஒட்டி வளர்கிறது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று அடுத்தடுத்து வந்த எல்லோரும் இந்தப் பார்களைத் தங்கள் தனியுரிமை ஆக்கிக்கொண்டார்கள். முழுகி எடுத்தவர்கள் மட்டும் மாறவில்லை: தூத்துக்குடிப் பரதவர், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த கீழக்கரையின் முஸ்லிம்கள்.

கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து மூச்சடக்கி இறங்குவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பெயர்த்துப் பையில் போட வேண்டும். கயிறு அசைந்ததும் படகில் இருப்பவர் மேலே இழுப்பார். 1905-இல் வளைகுடாவின் இலங்கைக் கரையில் இப்படி எடுத்தவை சுமார் 8 கோடிச் சிப்பிகள். மூன்றில் ஒரு பங்கு முழுகியவர்களுக்கு, மீதி அரசுக்கு.

அந்த வருமானத்தைப் பார்த்து, லண்டன் முதலாளிகளின் ‘சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்’ 1906 முதல் 20 ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு கம்பெனியால் முத்துக்குளிப்பே நடத்த முடியவில்லை. 1912-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

சிப்பிகள் எங்கே போயின? முத்துச்சிப்பி முட்டைகளை நீரிலேயே விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் மூன்று வாரம் போல நீரோட்டத்தில் மிதந்துவிட்டுத்தான் ஒட்ட இடம் தேடும். பாரில் விழுந்தவை பிழைக்கும். மணலில் விழுந்தவை மடியும். பிழைத்தாலும் கிளாத்தியும் திருக்கையும் தின்னும், பருவக்காற்று புரட்டிப்போடும். இலங்கை அரசு வரவழைத்த விலங்கியலாளர் ஹெர்ட்மன், 1902 மார்ச்சில் பெரிய பாரில் கோடிக்கணக்கான இளஞ்சிப்பிகளைக் கண்டார். அதே ஆண்டின் இறுதிக்குள் அவை மறைந்துவிட்டன. ஒட்டிய சிப்பி முத்தெடுக்கும் பருவத்தை அடைய நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதனால்தான் பழங்காலம் முதலே குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததில்லை. கம்பெனி வாங்கியது பாரை. பாருக்குச் சிப்பியைக் கொண்டுவரும் நீரோட்டம் எந்தப் பத்திரத்துக்கும் கட்டுப்படாது.

நட்டத்தைக் கணக்கெழுதிக் கடையை மூட லண்டனால் முடிந்தது. முழுகியவர்களுக்கு வேறு கடல் இல்லை; மீன் பிடிப்பவர்களுக்கும் இல்லை. 1991-இல் ஆழ்கடலில் மீன்பிடிக்க வெளிநாட்டுக் கூட்டுக் கப்பல்களுக்கு இந்திய அரசு வழிவிட்டபோது, மீனவர் அமைப்புகள் நாடெங்கும் போராடியதும் இதனால்தான். அந்த உரிமங்களை ரத்துசெய்ய, அரசு அமைத்த முராரி குழு 1996-இல் பரிந்துரைத்தது. கடல் வற்றும் ஆண்டையும் அதே கரையில் இருந்து தாங்குகிறவர்களே, எப்போது எடுப்பது, எவ்வளவு விடுவது என்பதை முடிவுசெய்ய வேண்டும்.