சுண்ணாம்பு நீரில் ஊறிய தானியம்

மக்காச்சோளம் தானாகப் பெருகத் தெரியாத பயிர். கதிரை மடல்கள் இறுக்கிப் போர்த்தியிருக்கும், மணிகள் உதிராது. முழுக் கதிரும் மண்ணில் விழுந்தால் நூற்றுக்கணக்கான முளைகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து மடிந்துபோகும். உரித்து, உதிர்த்து, ஊன்ற மனிதக் கை வேண்டும். ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன், தெற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அந்த வேலை தொடங்கியது. அங்கே விளைந்த தியோசின்டே என்ற காட்டுப்புல்லின் கதிரில் பத்துப் பன்னிரண்டு மணிகள் இருந்தாலே அதிகம்; ஒவ்வொன்றும் பல்லை உடைக்கும் கெட்டி உறைக்குள் இருக்கும். அதையும் உணவாக்கலாம் என்று நம்பியவர்களின் பொறுமை என்னை மலைக்க வைக்கிறது. தலைமுறை தலைமுறையாக நல்ல விதையைப் பொறுக்கி விதைத்தே அந்த உறையைப் போக்கினார்கள். வஹாகா மாநிலத்தின் கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த சிறு கதிர்களின் வயது சுமார் 6250 ஆண்டுகள்.

அதைவிடப் பெரிய அதிசயம் அடுப்படியில் நடந்தது. உலர்ந்த மணிகளைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கழுவி அரைத்தார்கள். வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். சில இடங்களில் அடுப்புச் சாம்பலும் உதவியது. குவாத்தமாலாவின் தென்கரையில் இந்த முறை கி.மு. 1500–1200 வாக்கிலேயே வழக்கத்தில் இருந்ததாகத் தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள். இப்படிப் பக்குவப்பட்ட மணிகளுக்கு நிஷ்தமால் என்று பெயர்.

மேல்தோல் கழன்றுவரும், அரைப்பது எளிதாகும், மாவு பிசையும் பதத்துக்கு வரும். கண்ணுக்குத் தெரிந்த பயன்கள் இவை. தெரியாத பயன்தான் உயிர் காத்தது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் உண்டு. ஆனால் பெரும்பகுதி வேறு மூலக்கூறுகளோடு பிணைந்திருப்பதால் நம் குடலால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சுண்ணாம்பின் காரத்தன்மை அந்தப் பிணைப்பை அறுக்கிறது. கூடவே கால்சியமும் சேர்கிறது. அதே வயலில் விளைந்த பீன்ஸ், மக்காச்சோளப் புரதத்தின் குறையை நிரப்பியது.

வண்டி இழுக்க மாடோ குதிரையோ இல்லாத மண் அது. மெக்சிகோவின் பழைய நகரமான தியோதிவாக்கானில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்ததும், மாயர்கள் தங்கள் திக்கால் நகரில் கோபுரங்கள் எழுப்பியதும் மனித உடலின் வலுவால்தான். அந்த வலு பெரும்பாலும் இந்த மாவிலிருந்து வந்தது. பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் மண்டியிட்டுக் கல்லில் அரைத்த மாவு அது; கோபுரங்களின் வரலாற்றில் அவர்களுடைய முழங்கால் வலிக்கும் இடம் தர வேண்டும் என்பேன். கீச்சே மாயரின் போப்போல் வூ நூலில், தேவர்கள் மண்ணிலும் மரத்திலும் மனிதரைச் செய்து தோற்று, கடைசியில் மஞ்சள், வெள்ளை மக்காச்சோள மாவைப் பிசைந்து வெல்கிறார்கள்.

ஐரோப்பியர் வந்திறங்கிய 1492-க்குப் பின் விதை கடல் கடந்தது, பக்குவம் கடக்கவில்லை. ஐரோப்பாவின் ஆலைக்கற்கள் உலர்ந்த மணியையே மாவாக்கிவிட்டதால் ஊறவைக்கும் தேவை யாருக்கும் தோன்றவில்லை. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போனது, புத்தி பேதலித்தது. ஸ்பெயினின் அஸ்துரியாஸில் 1735-இல் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். பிறகு இத்தாலியில் அந்த நோய்க்குப் பெலாக்ரா என்று பெயர் வந்தது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து உண்ட மெக்சிகோ ஏழைகளிடம் அது அரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது லட்சக்கணக்கானோரைத் தாக்கியது. தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் மறுத்தார். 1915-இல் மிசிசிப்பியில், சிறைவாசிகளாயிருந்த தன்னார்வலர்களுக்கு மக்காச்சோளம் மிகுந்த தென்மாநில ஏழையின் உணவையே கொடுத்தார். 11 பேரில் 6 பேருக்கு நோய் வந்தது. அடுத்த ஆண்டு நோயாளிகளின் இரத்தத்தைத் தன் உடலிலேயே செலுத்திக்கொண்டார், எதுவும் ஆகவில்லை. 1929-இல் அவர் இறந்தபோதும் உணவில் குறைந்தது எது என்று தெரிந்திருக்கவில்லை. 1937-இல் உயிர்வேதியியலாளர் கான்ராட் எல்வெஜெம் அது நியாசின் என்று காட்டினார். 1940-களில் மாவில் அதைச் சேர்த்து விற்கத் தொடங்கிய பிறகு அமெரிக்காவில் பெலாக்ரா ஏறக்குறைய மறைந்தது.