வேண்டாம் என்று சொல்லும் வரி

திருப்பூர் பனியன் கம்பெனிகள் பலவற்றில் மெர்ச்சன்டைசர் மாறினாலும் மெயில் முகவரி மாறுவதில்லை. புதிதாக வருபவர், முன்பிருந்தவர் எப்போதோ பதிவுசெய்த டிசைன் செயலி, கூரியர் தளம், டிரையல் பார்த்து விட்டுவிட்ட கணக்கு மென்பொருள் எல்லாவற்றின் மடல்களுக்கும் வாரிசாகிறார். சாம்பிளுக்கு பையர் அனுப்பிய திருத்தம் அந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கும். ஷிப்மென்ட் தேதியை நம்பிப் பிழைக்கும் ஊரில் இது சின்னத் தொல்லை இல்லை.

செயலியைத்தான் அழித்துவிட்டோமே, பிறகு மடல் எப்படி வருகிறது? போனிலிருந்து போனது செயலி மட்டும்தான். கணக்கும் முகவரியும் அந்த நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கின்றன. மடல் பயணிக்கும் விதிகளை ஜான் போஸ்டெல் 1982இல் எழுதினார். எஸ்.எம்.டி.பி. என்ற அந்த நெறிமுறையின் வழியில்தான் இன்றும் மடல்கள் போகின்றன. யாரிடமிருந்து, யாருக்கு என்று அனுப்பும் கணினி சொல்லும். அப்படி ஒரு முகவரி இங்கே உண்டா என்று வாங்கும் கணினி பார்க்கும். அவருக்கு இது வேண்டுமா என்று கேட்க அதில் இடமே இல்லை. இத்தனைக்கும் 1978 மே மாதமே, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில், கேரி துயர்க் என்ற மார்க்கெட்டிங் மேலாளர் தம் நிறுவனத்தின் கணினிகளைப் பார்க்க வருமாறு சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பியிருந்தார்.

என்னை வியக்க வைப்பது, பின்னால் வந்தவர்கள் இந்தக் குறையைச் சரிசெய்த விதம். ஒவ்வொரு மடலுக்கும் நம் கண்ணுக்குத் தெரியாத தலைப்பு வரிகள் உண்டு. 1998இல் அவற்றோடு 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்' என்ற வரி சேர்ந்தது. விலக விரும்புபவர் எங்கே சொல்ல வேண்டும் என்பதை அது காட்டும். அதிலும் ஒரு சிக்கல் முளைத்தது. பாதுகாப்பு மென்பொருள்கள் மடலில் உள்ள இணைப்புகளைத் தாமே திறந்து சோதிக்கும். விலக நினைக்காதவரும் அந்தச் சோதனையால் விலக்கப்பட்டுவிடலாம். ஆகவே, வெறுமனே இணைப்பைத் திறந்தால் போதாது, தனியாக ஒரு கோரிக்கை வந்தால்தான் விலகல் என்று 2017இல் விதி வகுத்தார்கள். ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் 'அன்சப்ஸ்கிரைப்' அந்த வரியிலிருந்து வருவதுதான். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர் விளம்பர மடல்களில் இந்த வசதியைத் தர வேண்டும், இரண்டு நாளில் நிறைவேற்றவும் வேண்டும் என்று 2024இல் கூகுள் கட்டாயமாக்கியது.

நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

தெரிந்த நிறுவனத்தின் மடலில் தயங்காமல் விலகுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் எந்த இணைப்பையும் தொடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே தகவல் கொடுத்ததாகிவிடும். அந்த மடலை ஸ்பாம் என்று குறியுங்கள். கம்பெனி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வேலையை விட்டுப் போகிறவரிடம் சாவி, சிம் கார்டு வாங்கும் அன்றே, அவர் திறந்த இணையக் கணக்குகளின் பட்டியலையும் வாங்கி, தேவையற்றதை மூடிவிடுங்கள்.