கனடிய கனவு பாப் இசை

கனவு பாப் என்பது பாப் இசையின் ஓர் உட்பிரிவு ஆகும். எளிதில் மனதில் பதியும் மெட்டு, நீண்ட எதிர்முழக்கத்தில் மிதக்கும் கித்தார் ஒலி, பிற கருவிகளின் ஓசையோடு கலந்து மென்மையாகக் கேட்கும் குரல் ஆகியவை இதன் முதன்மையான அடையாளங்கள். 1980களில் பிரித்தானியாவில் உருவான இவ்விசை கனடாவில் பெரும்பாலும் சுயாதீன இசைக்குழுக்களால் வளர்க்கப்பட்டது. பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் தாமாகவோ சிறு நிறுவனங்கள் மூலமாகவோ இசைத்தொகுப்புகளை வெளியிடும் குழுக்கள் சுயாதீன இசைக்குழுக்கள் எனப்படுகின்றன.

கனடிய கனவு பாப்பின் வரலாறு இரண்டு கேள்விகளோடு தொடர்புடையது. பெரிய மண்டபத்தில் ஒலிப்பது போன்ற ஓசையை, குறைந்த பணவசதி கொண்ட குழுக்கள் எவ்வாறு உருவாக்கின என்பது முதலாவது. ஐக்கிய அமெரிக்காவின் மாபெரும் இசைச் சந்தைக்கு அருகில் இருந்துகொண்டு, மெல்லிய குரலில் பாடும் இக்குழுக்கள் கேட்போரை எவ்வாறு சென்றடைந்தன என்பது இரண்டாவது.

பெயரும் தோற்றமும்

இலண்டனைச் சேர்ந்த ஏ. ஆர். கேன் என்னும் இரட்டையர் குழுவின் அலெக்ஸ் அயூலி, தம் இசையைக் குறிக்க 1980களின் பிற்பகுதியில் 'கனவு பாப்' என்னும் பெயரைப் பயன்படுத்தினார். பின்னர் இசை விமர்சகர்கள் இப்பெயரைப் பரவலாக்கினர். ஆயினும் அப்பெயர் தோன்றும் முன்னரே இவ்வகை இசை இருந்தது. ஸ்காட்லாந்தின் காக்டோ டுவின்ஸ் குழு 1984 ஆம் ஆண்டு வெளியிட்ட 'டிரெஷர்' தொகுப்பு இதற்கு எடுத்துக்காட்டாகும். அக்குழுவின் பாடகி எலிசபெத் ஃபிரேசர் பாடிய பல பாடல்களில் சொற்களின் பொருளைவிடக் குரலின் ஓசையே முதன்மை பெற்றது. குரலையும் ஓர் இசைக்கருவி போலக் கையாளும் இம்முறை பிற்காலக் கனவு பாப் குழுக்கள் பலவற்றிலும் காணப்படுகிறது.

ஒலியியல் அடிப்படை

கனவு பாப்பின் 'கனவுத்தன்மை' பெரும்பாலும் எதிர்முழக்கத்தால் ஏற்படுகிறது. மூடிய இடத்தில் எழும் ஒலி சுவர்களிலும் கூரையிலும் பலமுறை பட்டுத் திரும்புகிறது. அவ்வாறு திரும்பும் ஒலிகள் மிகக் குறுகிய இடைவெளிகளில் வருவதால் காது அவற்றைத் தனித்தனி எதிரொலிகளாகப் பிரித்தறிவதில்லை. மூல ஒலி நீண்டு, மெல்லத் தேய்ந்து மறைவதாகவே உணர்கிறது. இதுவே எதிர்முழக்கம்.

ஒலியின் அளவு 60 டெசிபெல் குறைய எடுத்துக்கொள்ளும் நேரம் எதிர்முழக்க நேரம் எனப்படும். இதைக் கணிக்கும் எளிய வாய்பாட்டை அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபீன் உருவாக்கினார். அதன்படி, இடத்தின் கன அளவை (கன மீட்டரில்) 0.161 ஆல் பெருக்கி, அவ்விடத்தின் மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் நொடிகளில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 6000 கன மீட்டர் கன அளவும் 300 அலகு உறிஞ்சலும் கொண்ட ஒரு தேவாலயத்தில் இது ஏறத்தாழ 3.2 நொடி. 30 கன மீட்டர் கன அளவும் 10 அலகு உறிஞ்சலும் கொண்ட படுக்கையறையில் ஏறத்தாழ அரை நொடி மட்டுமே. எனவே வீட்டு அறையில் பாடுபவருக்குத் தேவாலயத்தின் ஒலி இயல்பாகக் கிடைப்பதில்லை.

இந்தக் குறையை இரண்டு வழிகளில் நீக்கலாம். உண்மையிலேயே ஒரு பெரிய மண்டபத்தில் ஒலிப்பதிவு செய்வது ஒரு வழி. எதிர்முழக்கத்தைச் செயற்கையாக உருவாக்குவது மற்றொரு வழி. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மன்ஃபிரட் சுரோடர் 1960களின் தொடக்கத்தில் இரண்டாவது வழிக்கான எண்ணிம முறையை முன்வைத்தார். ஒலியை வெவ்வேறு அளவுகளில் தாமதப்படுத்தி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது குறைத்து, மீண்டும் உள்ளீட்டுடன் சேர்ப்பதே அதன் அடிப்படை. தொடக்கத்தில் பெரிய கணினிகள் தேவைப்பட்ட இக்கணக்கீட்டை, பின்னர் காலால் இயக்கும் சிறு பெட்டிகளும் வீட்டுக் கணினிகளும் செய்யத் தொடங்கின. கனடிய இசைக்குழுக்கள் இவ்விரு வழிகளையும் பயன்படுத்தின.

முன்னோடி: ஒரு தேவாலயமும் ஓர் ஒலிவாங்கியும்

டொராண்டோவின் கௌபாய் ஜங்கீஸ் குழு நாட்டுப்புற இசையிலும் புளூஸ் இசையிலும் வேரூன்றியது. எனவே அது கண்டிப்பான பொருளில் கனவு பாப் குழு அன்று. எனினும் அதன் 'தி டிரினிட்டி செஷன்' தொகுப்பு கனடாவில் இவ்வகை ஒலிக்கு முன்னோடியாகக் கருதத்தக்கது. இதன் பெரும்பகுதி 1987 நவம்பர் 27 அன்று, டொராண்டோவின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஒரே நாளில் பதிவு செய்யப்பட்டது. தயாரிப்பாளர் பீட்டர் மூர் ஒரே ஓர் ஒலிவாங்கியை நடுவில் வைத்தார். இசைக்கலைஞர்கள் அதைச் சுற்றி அமர்ந்து வாசித்தனர். ஒவ்வொரு கருவியின் ஒலி அளவும் ஒலிவாங்கியிலிருந்து அது இருந்த தொலைவால் தீர்மானிக்கப்பட்டது.

தேவாலயத்தின் இசைவைப் பெறுவதற்காகக் குழுவினர் தம்மை 'டிம்மின்ஸ் குடும்பப் பாடகர்கள்' என அறிமுகப்படுத்திக்கொண்டு, வானொலிக்கான கிறித்துமசு நிகழ்ச்சியைப் பதிவு செய்வதாகக் கூறினர். 1988 ஆம் ஆண்டு இத்தொகுப்பை முதலில் தம் சொந்த நிறுவனம் மூலமே வெளியிட்டனர். பின்னர் ஒரு பெரிய நிறுவனம் அதை உலகெங்கும் வெளியிட்டது. பாடகி மார்கோ டிம்மின்சின் தாழ்ந்த குரலும் மண்டபத்தின் எதிர்முழக்கமும் இத்தொகுப்பின் சிறப்புகள். விலையுயர்ந்த ஒலிப்பதிவுக் கூடம் இல்லாமலும் தரமான இசைத்தொகுப்பை உருவாக்கலாம் என்பதை இது காட்டியது.

வானொலி விதிகளும் பொது நிதியும்

1960களில் கனடிய வானொலிகளில் பெரும்பாலும் அமெரிக்க, பிரித்தானியப் பாடல்களே ஒலித்தன. இதை மாற்றும் நோக்குடன், 1971 சனவரி முதல் ஏ. எம். வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் இசையில் குறைந்தது 30 விழுக்காடு கனடியப் படைப்பாக இருக்க வேண்டும் என அரசின் ஒலிபரப்பு ஆணையம் விதித்தது. வணிக வானொலிகளுக்கான இவ்வளவு 1999 ஆம் ஆண்டு 35 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இசையமைப்பு, கலைஞர், பதிவு செய்யப்பட்ட இடம், பாடல் வரிகள் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு கனடியத் தகுதி பெற்றால் ஒரு பாடல் கனடியப் படைப்பாகக் கொள்ளப்பட்டது.

இவ்விதி குறைகளற்றதன்று. கனடியரான பிரையன் ஆடம்சு 1991 ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பின் பாடல்கள், வெளிநாட்டவர் ஒருவருடன் இணைந்து எழுதப்பட்டு வெளிநாட்டில் பதிவு செய்யப்பட்டமையால் இத்தகுதியைப் பெறவில்லை. அதனால் எழுந்த சர்ச்சையை அடுத்து விதி திருத்தப்பட்டது. வணிக வானொலிகள் ஏற்கனவே புகழ்பெற்ற சிலரின் பாடல்களைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியே ஒதுக்கீட்டை நிறைவு செய்தன என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆகவே சிறு குழுக்களுக்கு இவ்விதி மட்டும் போதுமானதாக இருக்கவில்லை.

அவர்களுக்குக் கூடுதலாக உதவியவை மூன்று. முதலாவது, 1982 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஃபாக்டர் என்னும் நிதி அமைப்பு. வானொலி நிறுவனங்களும் நடுவண் அரசும் தரும் பணத்தைக் கொண்டு இது ஒலிப்பதிவுக்கும் இசைப் பயணங்களுக்கும் உதவி வழங்கியது. இரண்டாவது, மாணவரும் தன்னார்வலரும் நடத்தும் பல்கலைக்கழக வானொலிகள். மொண்ட்ரியாலின் சி.கே.யு.டி., ஆலிஃபாக்சின் சி.கே.டி.யு. ஆகியவை இவற்றுள் அடங்கும். மூன்றாவது, கனடிய ஒலிபரப்புக் கழகம் 2000 ஆம் ஆண்டு இணையத்தில் தொடங்கிய 'ரேடியோ 3' சேவை. அதனுடன் இணைந்த தளத்தில் எந்தக் கனடிய இசைக்குழுவும் தன் பாடலைத் தானே பதிவேற்ற முடிந்தது. 2005 ஆம் ஆண்டு இச்சேவை செயற்கைக்கோள் வானொலிக்கும் வலையொலிக்கும் விரிந்தது. இதன் மூலம் ஒரு சிறு நகரக் குழுவின் பாடலை நாட்டின் மறுகோடியில் இருப்பவரும் கேட்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

டொராண்டோவும் மொண்ட்ரியாலும்

1999 ஆம் ஆண்டு கெவின் டுரூ, பிரெண்டன் கேனிங் ஆகியோர் டொராண்டோவில் புரோக்கன் சோசியல் சீன் குழுவைத் தொடங்கினர். இதன் முதல் தொகுப்பு (2001) பெரும்பாலும் குரலற்ற, மெதுவான இசையைக் கொண்டது. இரண்டாவது தொகுப்பான 'யூ ஃபர்காட் இட் இன் பீப்பிள்' 2002 அக்டோபரில் பேப்பர் பேக் என்னும் சிறு நிறுவனம் மூலம் வெளிவந்தது. இதில் பத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள் பங்கேற்றனர். இதிலுள்ள 'ஆந்தம்சு ஃபார் எ செவன்டீன் இயர்-ஓல்ட் கேர்ள்' பாடலில் எமிலி ஹெய்ன்சின் குரல் மின்னணு முறையில் மாற்றப்பட்டு, பாஞ்சோவுடனும் வயலினுடனும் சேர்ந்து ஒலிக்கிறது. 2003 ஆம் ஆண்டு பிட்ச்ஃபோர்க் என்னும் அமெரிக்க இணைய இதழ் இத்தொகுப்பைப் பெரிதும் பாராட்டியது. அதே ஆண்டில் இது கனடாவின் ஜூனோ விருதையும் பெற்றது.

இக்குழுவின் உறுப்பினர்கள் பிற குழுக்களிலும் பாடினர். எனவே ஒரு தொகுப்பைக் கேட்டவர், அதில் பாடியவர்களின் பெயர்களைத் தொடர்ந்து சென்று புதிய குழுக்களை அறிந்தனர். ஏமி மில்லன் பாடும் ஸ்டார்ஸ் குழு அவற்றுள் ஒன்று. மொண்ட்ரியாலில் இயங்கிய அக்குழுவின் 'செட் யுவர்செல்ஃப் ஆன் ஃபயர்' (2004) நரம்பிசைக் கருவிகளும் இருவர் குரலும் கலந்த தொகுப்பாகும்.

மொண்ட்ரியாலில் வீட்டு வாடகை பிற பெரிய கனடிய நகரங்களைவிடக் குறைவாக இருந்தது. இதனால் 2000களில் இளம் கலைஞர்கள் பலர் அங்கு குடியேறினர். கால்கரியில் உருவான பிரெய்ட்ஸ் குழுவும் அவ்வாறு இடம்பெயர்ந்ததே. ஆர்பியூட்டசு என்னும் சிறு நிறுவனம் அங்கிருந்து டாப்ஸ் குழுவின் 'டெண்டர் ஆப்போசிட்ஸ்' (2012) தொகுப்பை வெளியிட்டது. அதே ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட கிரைம்சின் 'விஷன்ஸ்', அவருடைய மொண்ட்ரியால் குடியிருப்பில், சாதாரண வீட்டுக் கணினி மென்பொருளில் பதிவு செய்யப்பட்டது. காக்டோ டுவின்சின் தொகுப்புகளை 1980களில் வெளியிட்ட 4ஏடி நிறுவனமே கனடாவுக்கு வெளியே 'விஷன்ஸ்' தொகுப்பையும் வெளியிட்டது. 1987இல் தேவாலயத்தைத் தேடிச் சென்று பெற்ற எதிர்முழக்கம், 2012இல் ஓர் அறைக்குள் கணக்கீட்டால் கிடைத்தது.

ஆல்வேய்ஸ்

21ஆம் நூற்றாண்டின் கனடிய கனவு பாப் குழுக்களில் பரவலாக அறியப்பட்டவற்றுள் ஒன்று ஆல்வேய்ஸ். நோவா ஸ்கோசியாவின் கேப் பிரெட்டன் தீவில் சிறுவயதிலிருந்தே அறிமுகமான மாலி ராங்கின், கெரி மக்லெலன் ஆகியோரும், இளவரசர் எட்வர்ட் தீவைச் சேர்ந்த அலெக் ஓ'ஹேன்லியும் இதன் முக்கிய உறுப்பினர்கள். இக்குழு 2011 ஆம் ஆண்டளவில் டொராண்டோவில் உருவானது. 2014இல் வெளிவந்த முதல் தொகுப்பு, கால்கரியில் இசைக்கலைஞர் சாட் வான்காலனின் கூடத்தில் பதிவு செய்யப்பட்டது. அதிலுள்ள 'ஆர்ச்சி, மேரி மீ' பாடலும் பல்கலைக்கழக வானொலிகளின் ஆதரவும் குழுவைப் பிற நாடுகளுக்கு அறிமுகம் செய்தன.

இரண்டாவது தொகுப்பான 'ஆண்டிசோசியலைட்ஸ்' (2017) ஜூனோ விருது பெற்றது. மூன்றாவது தொகுப்பு ஐந்து ஆண்டுகள் கழித்தே வந்தது. முன்னோட்டப் பதிவுகள் அடங்கிய ஒலிப்பதிவுக் கருவி ராங்கினின் வீட்டிலிருந்து திருடப்பட்டதும், நிலவறையில் புகுந்த வெள்ளத்தில் கருவிகள் பாழாகும் நிலை ஏற்பட்டதும், கொரோனா பெருந்தொற்றும் தாமதத்திற்குக் காரணங்கள். 2022 ஆம் ஆண்டு வெளிவந்த அத்தொகுப்பு 'புளூ ரெவ்'. அதிலுள்ள 'பெலிண்டா சேஸ்' பாடல் 2024 ஆம் ஆண்டின் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

இணைய ஒலியோடைக் காலம்

கியூபெக்கில் 2014 ஆம் ஆண்டு தொடங்கிய மென் ஐ டிரஸ்ட் குழு வேறொரு வழியைக் காட்டியது. எமானுவல் புரூ பாடும் இக்குழு, 24 பாடல்கள் கொண்ட 'ஓங்கிள் ஜாஸ்' (2019) தொகுப்பைத் தானே தயாரித்து வெளியிட்டது. இணைய ஒலியோடைச் சேவைகளே இக்குழுவைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றன.

இம்மாற்றத்தில் நன்மையும் தீமையும் உள்ளன. ஒருவர் விரும்பும் பாடலை ஒத்த பாடல்களைக் கணினி நிரல் தொடர்ந்து ஒலிக்கச் செய்வதால் அறியப்படாத குழுக்களும் கேட்கப்படுகின்றன. ஆனால் மென்மையான இசை என்பதால், படிக்கும்போதும் உறங்கும்போதும் பின்னணியில் ஓடும் பட்டியல்களில் கனவு பாப் எளிதில் சேர்க்கப்படுகிறது. அவ்வாறு கேட்பவர் பாடியவரின் பெயரை அறியாமலே போகலாம். வானொலி அறிவிப்பாளர் ஒவ்வொரு பாடலுக்கும் முன்னும் பின்னும் குழுவின் பெயரையும் ஊரையும் கூறியது கேட்போருக்கு அடுத்த தேடலுக்கான வழியாக இருந்தது.

1971ஆம் ஆண்டின் விதி வானொலிகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. 2023 ஏப்ரலில் நிறைவேறிய சட்டம் இணைய ஒலியோடைச் சேவைகளையும் ஒலிபரப்பு ஆணையத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. அச்சேவைகள் கனடிய இசைக்கு எவ்வளவு நிதி வழங்க வேண்டும் என்பது குறித்து நீதிமன்ற வழக்குகள் எழுந்தன. சிறு குழுக்களின் வருங்காலம் ஒரு பகுதி இதைப் பொறுத்தது. ஓசைக்கான பெரிய மண்டபத்தைக் கணினி தந்துவிட்டது. கேட்போருக்கு அந்த ஓசையைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடுகளைச் சமூகமே அமைக்க வேண்டியுள்ளது.

குறிப்பிடத்தக்க இசைத்தொகுப்புகள்

• கௌபாய் ஜங்கீஸ் – தி டிரினிட்டி செஷன் (1988)
• புரோக்கன் சோசியல் சீன் – யூ ஃபர்காட் இட் இன் பீப்பிள் (2002)
• ஸ்டார்ஸ் – செட் யுவர்செல்ஃப் ஆன் ஃபயர் (2004)
• பிரெய்ட்ஸ் – நேட்டிவ் ஸ்பீக்கர் (2011)
• மெமரிஹவுஸ் – தி சிலைட்ஷோ எஃபெக்ட் (2012)
• பியூரிட்டி ரிங் – ஷ்ரைன்ஸ் (2012)
• டாப்ஸ் – பிக்சர் யூ ஸ்டேரிங் (2014)
• ஆல்வேய்ஸ் – ஆண்டிசோசியலைட்ஸ் (2017)
• மென் ஐ டிரஸ்ட் – ஓங்கிள் ஜாஸ் (2019)